அழிக்குமுன் ஆராய்க!



2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்து, பத்தாண்டுகளாக உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் குடியிருந்த ‘விண்டோஸ் 10’ என்னும் இயங்குதளத்திற்கு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அன்று முதல் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு புதிய பரபரப்பைக் காண்கிறோம். கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ, ‘விண்டோஸ் 11’ அல்லது ‘லினக்ஸ்’ ஏற்றப்பட்ட பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டிலுள்ள பழைய கணினியில் அதனை நிறுவ முற்படுகின்றனர். பெற்றோரும் அருகில் அமர்ந்து ஆவலுடன் நோக்குகின்றனர்.

பாதி வழியில் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. டிஸ்க் எதுவும் காணப்படவில்லை என்கிறது ஒன்று. இந்த டிஸ்கில் விண்டோஸை நிறுவ இயலாது என்கிறது மற்றொன்று. கோப்பு சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்கிறது இன்னொன்று. அவ்வளவுதான், வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. ‘ஹார்டு டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்குவோம்’ என்பது ஒரு கட்சி. ‘எல்லாவற்றையும் அழித்து பார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்பது மறு கட்சி.

இவ்விரு கட்சியினரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம். திரையில் தோன்றும் அறிவிப்பு ஒரு சாட்சியின் வாக்குமூலமேயன்றி நீதிபதியின் தீர்ப்பன்று. சாட்சி தான் கண்டதை மட்டும் கூறுகிறது. காரணம் டிஸ்கில் இருக்கலாம். டிஸ்கை இணைக்கும் கேபிளில் இருக்கலாம். கொண்டுவந்த பென் டிரைவில் இருக்கலாம். கணினியின் அமைப்பில் மாறிப்போன ஒரு சிறு குறிப்பிலும் இருக்கலாம். விசாரணையின்றித் தண்டனை வழங்குவது முறையாகுமா? அதிலும், அழியப்போவது மீண்டும் கிடைக்காத பொருளாயிருக்கையில்?

அப்பொருள் யாதெனச் சற்றே எண்ணிப் பாருங்கள். மூத்த மகளின் புதுநன்மை நாள் படங்கள், பெற்றோரின் வெள்ளிவிழாப் படங்கள், மறைந்துபோன பாட்டியாரின் குரல் பதிந்த ஒரு சிறு காட்சி, நிலத்தின் பத்திரங்களையும் மதிப்பெண் சான்றிதழ்களையும் நகலெடுத்து வைத்த கோப்புகள். இவையெல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. இயங்குதளத்தை நாளையும் நிறுவலாம். பாட்டியாரின் குரலை எங்கே போய் வாங்குவது?

உள்ளே இருப்பது என்ன?

ஹார்டு டிஸ்க் என்பது மிகப் பழைய கருவிகளுள் ஒன்று. 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் கருவியில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சேமித்தது 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 சுற்றுகள் சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் பயன்படும் ‘தலை’ எனப்படும் உறுப்பு, தட்டைத் தொடாமல், நம் தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த உயரத்தில் மிதந்து செல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி கீழே விழுந்தால் அந்தத் தலை தட்டில் உரசிவிடக்கூடும். ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் புதிய வகையில் சுழலும் தட்டும் இல்லை, தலையும் இல்லை. மின்னணுச் சில்லுகளிலேயே தகவல் பதிகிறது. அதற்கும் ஆயுள் உண்டு. ஆனால் சாகுமுன் அது ஒலி எழுப்புவதில்லை.

டிஸ்கின் பரப்பு ‘செக்டர்’ எனப்படும் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. நெடுங்காலம் ஒரு கட்டத்தின் அளவு 512 எழுத்துகளாக இருந்தது. பிற்காலத்து டிஸ்குகளில் அது 4,096 ஆயிற்று. இக்கட்டங்களுள் சில காலப்போக்கில் பழுதடைவது இயல்பு. அவற்றிற்கு மாற்றாகச் சில கட்டங்களை உற்பத்தியாளரே ஒதுக்கி வைத்துள்ளார். பழுதான கட்டத்தை டிஸ்க் தானாகவே விலக்கி, ஒதுக்கியதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி, புதிய இயங்குதளம் நிறுவும் வேளையில் மட்டும் ஏன் தடுமாறுகிறது எனப் பலர் வினவுகின்றனர். நாள்தோறும் நாம் பயன்படுத்துவது டிஸ்கின் ஒரு சிறு பகுதியையே. நிறுவும்போதோ ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே மூச்சில் எழுதப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் தொடப்படாத கட்டங்களும் தொடப்படுகின்றன. பயன்படுத்தாத அறையில் கரையான் அரித்திருப்பது, அந்த அறையில் கட்டில் போட முனையும்போதுதானே தெரியவருகிறது? நிறுவுதல் பழுதை உண்டாக்குவதில்லை. பெரும்பாலும் இருந்த பழுதை வெளிப்படுத்துகிறது.

முதற்கடமை காப்பாற்றுதல்

ஆகவே, அறிவிப்பைக் கண்டவுடன் செய்யவேண்டிய முதற்காரியம் பழுதுபார்ப்பதன்று, காப்பாற்றுவதே. பழுதுபார்க்கும் முயற்சிகள் பலவும் டிஸ்கைக் கடுமையாக உழைக்க வைப்பவை. நோயுற்றவரை மலையேறச் சொல்லி உடல்நிலையைச் சோதிக்கலாமா?

விண்டோஸ் திறக்க மறுத்தாலும் கோப்புகளை எடுக்க வழியுண்டு. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து நேரடியாக இயக்கலாம். தொடக்கத்தில் நிறுவ வேண்டுமா, சோதித்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்கும். சோதித்துப் பார்ப்பதையே தெரிந்தெடுங்கள். பின்னர்ப் பழைய டிஸ்கைத் திறந்து, இன்றியமையாத கோப்புகளை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் வேறொரு வெளி டிஸ்கிற்கு நகலெடுங்கள். திரைப்படங்களும் பாடல்களும் காத்திருக்கலாம். குடும்பப் படங்கள் முந்தட்டும்.

டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று சீராக ஒலி எழும்பினால் உடனே கணினியை நிறுத்திவிடுங்கள். அது தலை தடுமாறுவதன் அறிகுறி. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பை மிகுதிப்படுத்தும். அத்தகைய டிஸ்கைத் தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. ஒலியின்றிச் சில பகுதிகள் மட்டும் படிக்க முடியாதிருப்பின், ‘டிடி-ரெஸ்க்யூ’ என்னும் இலவச நிரல் உதவும். நல்ல பகுதிகளை முதலில் விரைந்து நகலெடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளை இறுதியில் மீண்டும் மீண்டும் முயல்வது அதன் சிறப்பு. விண்டோஸிலுள்ள ‘செக்டிஸ்க்’ என்னும் சோதனையை நகலெடுத்த பின்னரே ஓட்டவேண்டும், முன்னரன்று.

மற்றோர் எச்சரிக்கை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் ‘பிட்லாக்கர்’ என்னும் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். உரியவரே அதனை அறியாதிருப்பதும் உண்டு. கணினியின் அடிப்படை அமைப்பில் கைவைத்தால், அடுத்த முறை அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்னதாகவே அதனை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதனை இழந்தவருக்கு டிஸ்க் நலமாயிருந்தும் தகவல் கிட்டாது.

இரண்டு இல்லங்கள்

நாம் அறிந்த இரு இல்லங்களில் நிகழ்ந்ததை ஈண்டு குறிப்பிடுவது பொருந்தும். ஓர் இல்லத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கணினியில் டிஸ்க் காணப்படவில்லை என்ற அறிவிப்பு வந்தது. புதிய டிஸ்கின் விலையைக்கூட விசாரித்துவிட்டார்கள். இறுதியில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, வீட்டை வெள்ளையடிக்கையில் கணினியை இடம் மாற்றியதில் உள்ளிருந்த கேபிள் சற்றே தளர்ந்திருந்தது தெரியவந்தது. அழுத்திப் பொருத்தினார்கள், டிஸ்க் கண் விழித்தது. செலவு ஒன்றுமில்லை.

மற்றோர் இல்லத்தில் டிஸ்க் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. அவ்வீட்டு இளைஞர் விடாமுயற்சியுடையவர். நிறுவும் வேலை நான்கு முறை பாதியில் நின்றும் ஐந்தாம் முறை தொடங்கிவிட்டு உறங்கச் சென்றார். விடிந்தபோது டிஸ்க் முற்றிலும் அடங்கிவிட்டிருந்தது. தாத்தாவின் இறுதி ஆண்டுகளில் எடுத்த படங்கள் அத்தனையும் அதனுள். முதல் முறை நின்றபோதே கணினியை அணைத்திருந்தால் அவற்றுள் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்க இடமுண்டு. விடாமுயற்சி நற்பண்பே, ஆனால் விசாரணைக்கு முந்திய விடாமுயற்சி கேடு விளைவிக்கும்.

முறைப்பாடு எத்தகையது?

நிற்க. கோப்புகள் காப்பாற்றப்பட்டபின், விசாரணையைத் தொடங்கலாம். வெளியிலிருந்து உள்ளே, எளியதிலிருந்து அரியதற்கு, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு என்பதே வரிசை. அறிவிப்புகளை நான்கு வகையாகப் பகுத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதல் வகை, ‘டிஸ்கே காணப்படவில்லை’ என்பது. கணினியைத் தொடக்கியவுடன் ‘டெலிட்’ அல்லது ‘எஃப்2’ போன்ற விசையை அழுத்தினால் ‘பயாஸ்’ என்னும் அடிப்படை அமைப்புத் திரை திறக்கும். அங்கே டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கும் தெரியாவிட்டால் குறை கேபிளிலோ, மின் இணைப்பிலோ, டிஸ்கிலோ இருக்கிறது. மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். வேறு கேபிளையும் மதர்போர்டில் வேறு துளையையும் முயன்று பாருங்கள்.

பயாஸில் டிஸ்க் தெரிந்தும் நிறுவும் திரையில் மட்டும் தெரியாவிட்டால் டிஸ்கின்மீது பழி சுமத்தாதீர்கள். இன்டெல் நிறுவனத்தின் 11-ஆம் தலைமுறை முதல் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க்குகள் ‘வி.எம்.டி.’ என்னும் ஏற்பாட்டின் பின்னே மறைந்து நிற்கின்றன. அதற்குரிய டிரைவர் கோப்புகளைக் கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து பெற்று, பென் டிரைவில் வைத்து, நிறுவும் திரையிலுள்ள ‘லோடு டிரைவர்’ என்னும் வாய்ப்பின் வழியே ஏற்றினால், மறைந்திருந்த டிஸ்க் வெளிப்படும்.

பழைய கணினிகளில் வேறொரு காரணமும் உண்டு. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற ‘சி.ஆர். 2032’ என்னும் சிறு பாட்டரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டிக்குந்தோறும் பயாஸ் தன் குறிப்புகளை மறந்து பழைய நிலைக்குத் திரும்பும். டிஸ்க் இயங்கும் முறை பற்றிய குறிப்பும் அவற்றோடு மாறிவிடக்கூடும். கணினியில் தேதி பல்லாண்டு பின்னே போயிருப்பதைக் கண்டால் முதலில் இந்தப் பாட்டரியை மாற்றுங்கள். சில ரூபாயில் தீரும் குறைக்கு ஆயிரங்களைச் செலவிடுவது எதற்கு?

இரண்டாம் வகை, ‘டிஸ்க் தெரிகிறது, ஆனால் இதில் நிறுவ இயலாது’ என்பது. இங்கு டிஸ்கில் பழுது இருப்பது அரிது. டிஸ்கின் தொடக்கத்தில், எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கூறும் அட்டவணை ஒன்று இருக்கிறது. 1983-இல் வந்த ‘எம்.பி.ஆர்.’ என்பது பழைய வகை. நான்கு முதன்மைப் பகுதிகளுக்கும் ஏறத்தாழ 2 டெராபைட் அளவிற்கும் மேல் அதனால் கணக்கு வைக்க இயலாது. ‘ஜி.பி.டி.’ என்பது புதிய வகை. கணினி ‘யூ.இ.எஃப்.ஐ.’ என்னும் புதிய முறையில் தொடங்கினால் விண்டோஸ் ஜி.பி.டி. அட்டவணையையே ஏற்கும். பழைய முறையில் தொடங்கினால் எம்.பி.ஆர். அட்டவணையையே ஏற்கும். பழைய பதிவேட்டுடன் புதிய அலுவலகத்திற்குச் சென்றவரின் நிலைதான் இது. பதிவேட்டில் பிழையில்லை, படிவந்தான் வேறு.

இந்த இடத்தில்தான் பலர் ‘டிஸ்க்பார்ட்’ நிரலில் ‘கிளீன்’ என்னும் கட்டளையைத் தட்டி, அட்டவணை முழுவதையும் ஒரே நொடியில் துடைத்தெறிகின்றனர். அந்தக் கட்டளை ‘நிச்சயந்தானா?’ என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. விண்டோஸ் 10-இல் 2017 முதல் ‘எம்.பி.ஆர். டு ஜி.பி.டி.’ என்னும் கருவி இருக்கிறது. விண்டோஸ் உள்ள டிஸ்கின் அட்டவணையைத் தகவலை அழிக்காமலே மாற்றித்தரும். முதலில் மாற்ற இயலுமா என்று சோதித்துச் சொல்லும் வசதியும் அதில் உண்டு. மாற்றியபின் பயாஸிலும் தொடங்கும் முறையை யூ.இ.எஃப்.ஐ. என்று மாற்றவேண்டும். ஆயினும் நகலெடுக்காமல் இதனையும் தொடவேண்டா.

இடம் போதாமையும் இவ்வகையைச் சேர்ந்ததே. விண்டோஸ் 11-க்கு டிஸ்கில் 64 கிகாபைட், ராம் 4 கிகாபைட், ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கருவிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவை இவ்விதிகளுக்கு உட்படமாட்டா. அது டிஸ்கின் குற்றமன்று. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால் எழுத்து வேலைக்கும் படிப்பிற்கும் அவை இன்னும் பயன்படும்.

மூன்றாம் வகை, ‘நிறுவும்போது பாதியில் நின்றுவிட்டது, கோப்பைப் படிக்க முடியவில்லை’ என்பது. மூவருள் ஒருவர் குற்றவாளி: பென் டிரைவ், ராம், டிஸ்க். எளியவரிடமிருந்து விசாரணையைத் தொடங்குங்கள். பென் டிரைவை வேறு துளையில் செருகுங்கள். இயன்றால் நம்பகமான வேறொரு பென் டிரைவில் புதிதாக ஏற்றுங்கள். இறக்கிய கோப்பு முழுமையானதா என்பதைக் காட்டும் ‘செக்சம்’ எண்ணை, வெளியிட்டோர் தந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு சிதைந்திருக்கிறது. பின்னர் ‘மெம்டெஸ்ட்’ என்னும் நிரலை ஓர் இரவு ஓடவிட்டு ராமைச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ராமை நம்பலாகாது. இவ்விரண்டும் குற்றமற்றவை என்று தெரிந்த பின்னரே டிஸ்கைக் கூண்டில் நிறுத்தவேண்டும்.

உபுண்டு லினக்ஸின் பழைய நிறுவல் நிரல் இவ்விடத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. எழுதுவதிலோ படிப்பதிலோ பிழை நேர்ந்தால், அது டிஸ்கை மட்டும் குறைகூறாமல், குறுந்தகட்டைத் துடைத்துப் பார்க்கும்படியும், டிஸ்க் பழையதா என்று ஆராயும்படியும், கணினியைக் குளிர்ந்த இடத்திற்கு மாற்றும்படியும் ஆலோசனை கூறிற்று. தன் வாக்குமூலம் முடிவானதன்று என்பதை அந்தச் சாட்சியே ஒப்புக்கொண்டது! நம் ஊர்ச் சித்திரை மாத வெயிலில், தூசி அடைத்த விசிறியுடன் திணறும் கணினிக்கு அந்த இறுதி ஆலோசனை மிகவும் பொருந்தும்.

நான்காம் வகை, ‘நிறுவி முடிந்தது, ஆனால் கணினி தொடங்கவில்லை’ என்பது. பெரும்பாலும், பயாஸில் எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்ற வரிசை மாறியிருக்கும். அல்லது பென் டிரைவை எடுக்க மறந்திருப்போம். இரண்டு டிஸ்குகள் உள்ள கணினியில், நிறுவும் வேளையில் ஒன்றைக் கழற்றி வைப்பது இருவகையில் நன்று. தொடக்கக் கோப்புகள் வேறு டிஸ்கிற்குப் போய்விடா. தவறான டிஸ்கை அழிக்கும் பேராபத்தும் நேராது.

டிஸ்கின் நாடியைப் பார்த்தல்

டிஸ்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஏற்பாட்டிற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். விண்டோஸில் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்னும் இலவச நிரலும், லினக்ஸில் ‘டிஸ்க்ஸ்’ என்னும் கருவியும் அதனைப் படித்துக் காட்டும். ஹார்டு டிஸ்கில் நான்கு எண்களை மட்டும் நோக்கினால் போதும். 5-ஆம் எண் குறிப்பு, பழுதாகி மாற்றப்பட்ட கட்டங்கள் எத்தனை என்பது. 197, படிக்க முடியாமல் முடிவை எதிர்நோக்கும் கட்டங்கள். 198, திருத்த இயலாதவை. 199, வழியில் தகவல் சிதைந்த தடவைகள். இது ஏறினால் பெரும்பாலும் குற்றம் கேபிளைச் சார்ந்தது. முதல் மூன்றில் ஏதேனும் ஒன்று பூச்சியமாக இல்லாமல், வாரந்தோறும் வளர்ந்து வருமாயின் அந்த டிஸ்கில் புதிய இயங்குதளம் நிறுவுவது மணல்மேல் வீடு கட்டுவதற்கு ஒப்பாகும்.

2007-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். பரப்புச் சோதனையில் முதற்பிழை தோன்றிய டிஸ்குகள், அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை தோன்றாதவற்றைக் காட்டிலும் 39 மடங்கு என்று கண்டனர். ஆகவே முதல் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது. அதே கட்டுரை மற்றொன்றையும் கூறுகிறது: செயலிழந்த டிஸ்குகளுள் 56 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை, மிக முக்கியமான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் காட்டாமலே அடங்கிவிட்டன. அறிகுறி இருந்தால் அஞ்சவேண்டும். அறிகுறி இல்லையென்பதால் அசட்டையாக இருக்கவும் கூடாது என்பதன்றோ இதன் பொருள்?

பார்மட் என்பது மருந்தா?

பழுதான கட்டங்களைப் பார்மட் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. விரைவுப் பார்மட் செய்வது அட்டவணையைப் புதுப்பிப்பது மட்டுமே. கட்டங்களை அது தொடுவதில்லை. முழுப் பார்மட், விண்டோஸ் விஸ்டா காலம் முதல், பகுதி முழுவதிலும் பூச்சியங்களை எழுதுகிறது. அப்போது சில ஐயத்திற்குரிய கட்டங்கள் விலக்கப்பட்டு டிஸ்க் தெளிவடைந்ததுபோல் தோன்றும். ஆயின் அரிப்பு நின்றுவிட்டதா என்பது சில வாரங்கள் அந்த எண்களைக் கவனித்தபின்னரே தெரியும்.

எஸ்.எஸ்.டி.-யில் விரைவுப் பார்மட்டே பேரிழப்பாகலாம். பழைய ஹார்டு டிஸ்கில் விரைவுப் பார்மட் செய்துவிட்டாலும், மேலே எதுவும் எழுதாதவரை மீட்க வழியிருக்கும். எஸ்.எஸ்.டி.-யிலோ ‘டிரிம்’ என்னும் ஏற்பாடு, இந்தக் கட்டங்கள் இனி வேண்டா என்று உடனே அறிவித்துவிடுகிறது. அதன்பின் மீட்பது ஏறக்குறைய இயலாத காரியம். 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பின் நிறுவும் திரையில், கோப்புகள் அனைத்தும் அழிக்கப்படும் என்பதற்கு நம் ஒப்புதலைக் கேட்டு ஒரு சிறு கட்டம் இருக்கிறது. படிக்காமலே அதில் குறியிடுவோர் எத்தனை பேர்!

கடைக்காரரிடம் கூறவேண்டியவை

வீட்டில் எவருக்கும் இவற்றைச் செய்யத் தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டுசெல்வதில் இழிவில்லை. ஆனால் ‘ஓ.எஸ். போட்டுக் கொடுங்கள்’ என்று மட்டும் கூறிப் பெட்டியை வைத்துவிட்டு வராதீர்கள். அச்சொற்களைக் கேட்கும் கடைக்காரர், பார்மட் செய்வதற்கு நீங்கள் ஒப்பியதாகவே கொள்வார், அவர்மேல் குறையில்லை. மூன்று செய்திகளைத் தெளிவாகக் கூறுங்கள். முதலாவது, டிஸ்கில் வேறெங்கும் நகல் இல்லாத கோப்புகள் இருக்கின்றனவா, இல்லையா என்பது. இரண்டாவது, திரையில் தோன்றிய அறிவிப்பு யாது என்பது. கைப்பேசியில் அதனைப் படமெடுத்துக் காட்டுங்கள். மூன்றாவது, உங்களைக் கேட்காமல் எதையும் அழிக்கலாகாது என்பது. இதனை ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவிடுவது இன்னும் நன்று.

டிஸ்க் மாற்றவேண்டியதே என்று முடிவானால் மனம் வருந்தவேண்டா. பழைய கணினியில் ஹார்டு டிஸ்கிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், அதன் வேகம் வியக்கத்தக்க வகையில் கூடுவதைக் காண்பீர்கள். ஆயினும், கழற்றிய பழுதான டிஸ்கைச் ‘சும்மா கிடக்கிறதே’ என்று படங்களைச் சேமித்துவைக்கப் பயன்படுத்துவது பெருந்தவறு. ஓட்டைப் பானையில் எண்ணெயைப் பாதுகாக்க எவரும் முற்படுவதில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு மாலை, குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக இருக்கும் வேளையில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். ‘இந்தப் பெட்டி நாளைக் காலை திறக்காவிட்டால், நாம் எதை எண்ணி அழுவோம்?’ என்று ஒருவரையொருவர் கேளுங்கள். விடையாக வரும் கோப்புகளைத் தாளில் எழுதுங்கள். அவற்றுக்கு மூன்று படிகள் இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று வெளி டிஸ்கில், ஒன்று வீட்டிற்கு வெளியே, உறவினர் இல்லத்திலோ இணையச் சேமிப்பிலோ. மாதம் ஒருமுறை அவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பை வீட்டின் இளையவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். நகலெடுத்த கோப்பு உண்மையாகவே திறக்கிறதா என்பதைப் பெரியவர் ஒருவர் பார்க்கட்டும்.

இவ்வளவும் செய்துவிட்ட வீட்டில், திரையில் எத்தகைய அறிவிப்புத் தோன்றினாலும் கலக்கம் எழாது. கேபிளை மாற்றலாம், பாட்டரியை மாற்றலாம், டிஸ்கையே மாற்றலாம். தேவையானால் துணிந்து அழிக்கவும் செய்யலாம். பாட்டியாரின் குரல் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது.